பாடசாலை ட்ரஸ்டில் சேரப்போகிறதாம்: கையெழுத்துக்கு முன் பெற்றோர் கேட்க வேண்டியவை

கேள்வி: லண்டன் ஹரோவில் வசிக்கிறோம். மகள் நான்காம் வகுப்பு, மகன் முதலாம் வகுப்பு. இருவரும் வீட்டுக்குப் பக்கத்திலுள்ள கவுன்சில் ஆரம்பப் பாடசாலையில் படிக்கிறார்கள். மகனுக்கு ஈ.எச்.சி. பிளான் (விசேட தேவையுள்ள பிள்ளைக்குக் கிடைக்க வேண்டிய உதவியை எழுதிய சட்டபூர்வத் திட்டம்) இருக்கிறது. போன வாரம் பிள்ளைகளின் பையில் ஒரு கடிதம் வந்தது. பாடசாலை ஒரு மல்டி அக்கடமி ட்ரஸ்டில் (பல பாடசாலைகளை ஒன்றாக நடத்துகிற அமைப்பில்) சேர உத்தேசித்திருக்கிறதாம். ஐந்து வாரத்துக்குள் பெற்றோர் கருத்துச் சொல்லலாமாம். வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், "பிரைவேட் ஆகப்போகுது, இனிக் காசு கட்ட வேணும்" என்கிறார். இன்னொருவர், "கிராமர் ஸ்கூல் மாதிரித் தரம் ஏறும்" என்கிறார். இதை எங்களால் நிறுத்த முடியுமா? நிறுத்தத்தான் வேண்டுமா? மகனுக்குக் கிடைக்கிற உதவி என்ன ஆகும்? எங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பும் அந்தப் பாடசாலை மண்டபத்தில்தான் நடக்கிறது.
— ஒரு தாய், ஹரோ

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

வாட்ஸ்அப் கதைகள் இரண்டுமே பிழை. அக்கடமி என்பது கவுன்சிலின் கீழ் இல்லாமல், ஆனால் அரசின் பணத்தில் நடக்கிற பாடசாலை. கல்விக்குக் கட்டணம் வாங்க அதற்கு உரிமை இல்லை. பரீட்சை வைத்துப் பிள்ளைகளைத் தெரிவு செய்யவும் உங்கள் பாடசாலையால் முடியாது. லண்டன் மேயரின் நிதியில் 2023 செப்டெம்பரிலிருந்து ஆரம்பப் பாடசாலைகளில் கிடைக்கிற இலவச மதிய உணவு அக்கடமிகளுக்கும் உண்டு. இங்கிலாந்தின் இடைநிலைப் பாடசாலைகளில் ஐந்தில் நான்குக்கு மேல் ஏற்கெனவே அக்கடமிகள்தான். மகள் ஆறாம் வகுப்பு முடித்துப் போகிற ஹைஸ்கூலும் அநேகமாக அப்படித்தான் இருக்கும்.

ஆகவே அக்கடமி நல்லதா கெட்டதா என்று வாதாடி இந்த ஐந்து வாரத்தைக் கழித்துவிடாதீர்கள். அக்கடமி என்ற பெயரால் மட்டும் பிள்ளைகளின் புள்ளிகள் ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. ட்ரஸ்டுக்கு ட்ரஸ்ட் இருக்கிற வித்தியாசம்தான் பெரிது. எந்த ட்ரஸ்ட், என்ன நிபந்தனை, அதில் எவ்வளவு எழுத்தில் இருக்கிறது: இதற்குத்தான் இப்போது பதில் வாங்க வேண்டும். பிறகு வாங்க முடியாது என்பதற்குக் காரணம் இருக்கிறது.

இன்று உங்கள் பாடசாலையை மேற்பார்வை செய்கிற கவர்னர் சபை சட்டப்படி ஒரு தனி அமைப்பு. ட்ரஸ்டில் சேருகிற நாளில் அந்தச் சபை இல்லாமல் போய்விடும். ட்ரஸ்ட் என்பது ஒரு கம்பனி; அதே நேரம் தொண்டு நிறுவனமும்கூட. கல்வி அமைச்சரோடு நிதி ஒப்பந்தம் செய்வது, ஆசிரியர்களுக்கு முதலாளியாக இருப்பது, வங்கிக் கணக்கை வைத்திருப்பது எல்லாம் அந்தக் கம்பனிதான். கட்டடமும் காணியும் வழக்கமாக 125 வருடக் குத்தகையில் கவுன்சிலிடமிருந்து கம்பனிக்குப் போகும். அதற்குப் பிறகு பாடசாலைக்கென்று தனிச் சட்ட உருவம் கிடையாது. பெயர், சீருடை, வாசல் பலகை எல்லாம் அப்படியே இருக்கலாம். ஆனால் ட்ரஸ்ட் பிடிக்கவில்லை, வெளியே வருகிறோம் என்று தீர்மானம் போட அங்கே யாருக்கும் அதிகாரம் இருக்காது. ட்ரஸ்ட் கவிழ்ந்தால் அமைச்சு அந்தப் பாடசாலையை வேறொரு ட்ரஸ்டிடம் ஒப்படைக்கும். கவுன்சிலுக்குத் திரும்ப வழி இல்லை. 2017 செப்டெம்பரில் வேக்ஃபீல்ட் சிட்டி அக்கடமிஸ் ட்ரஸ்ட் தன்னால் இனி நடத்த முடியாது என்று அறிவித்தபோது அதன் கீழிருந்த 21 பாடசாலைகளும் இப்படித்தான் வேறு வேறு ட்ரஸ்டுகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டன.

நிறுத்த முடியுமா?

பெற்றோருக்கு வாக்கெடுப்பு இல்லை. முடிவு கவர்னர் சபையின் கையில். ஆனால் 2010ஆம் ஆண்டின் அக்கடமிகள் சட்டம், ஐந்தாம் பிரிவில், மாறுவதற்கு முன் கருத்துக் கேட்டே ஆக வேண்டும் என்கிறது. எத்தனை வாரம், யார் யாரிடம் என்று சட்டம் சொல்லவில்லை. (மோசமான இன்ஸ்பெக்ஷன் முடிவால் கட்டாயமாக மாற்றப்படுகிற பாடசாலைகளுக்கு இந்தக் கருத்துக்கேட்பே கிடையாது. உங்களிடம் கேட்டிருப்பதால் இது கவர்னர்கள் தாமாக எடுக்கிற முடிவு என்று கொள்ளலாம்.)

கேட்கிற கேள்வி நேர்மையாக இருக்க வேண்டும் என்பதற்கு நீதிமன்றங்கள் நான்கு அளவுகோல் வைத்திருக்கின்றன. முடிவு இன்னும் எடுக்கப்படாத நிலையில் கேட்க வேண்டும். விளங்கிப் பதில் சொல்லப் போதுமான தகவல் தர வேண்டும். போதிய அவகாசம் தர வேண்டும். வந்த பதில்களை மனச்சாட்சியோடு பரிசீலிக்க வேண்டும். இவை 1985இல் உங்கள் பக்கத்து பிரெண்ட் கவுன்சில் மீது பாடசாலைப் பெற்றோர் போட்ட வழக்கிலிருந்து வந்தவை. 2014இல் ஹாரிங்கே வழக்கொன்றில் உச்ச நீதிமன்றமும் இவற்றை ஏற்றுக்கொண்டது. நீங்கள் வழக்குக்குப் போகத் தேவையில்லை. "ட்ரஸ்டின் அதிகாரப் பகிர்வுத் திட்டமும் கடைசிக் கணக்கறிக்கையும் தராமல் எங்களால் கருத்துச் சொல்ல இயலாது, தந்த பிறகு எங்களுக்கு அவகாசம் வேண்டும்" என்று கவர்னர் சபையின் கிளார்க்குக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். அந்தக் கிளார்க்குக்கு மேலே சொன்ன அளவுகோல்கள் தெரியும்.

கடிதத்தில் "சேர உத்தேசம்" என்று இருக்கிறதா, "சேரத் தீர்மானித்துள்ளோம்" என்று இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். இரண்டாவதாக இருந்தால் முதல் அளவுகோலே அடிபடுகிறது. அதைச் சுட்டிக்காட்டி எழுதலாம்.

கவர்னர்கள் ஆம் என்று வாக்களித்தால் விண்ணப்பம் கல்வி அமைச்சின் பிராந்தியப் பணிப்பாளரிடம் போகும். அவருக்கு ஆலோசனை சொல்கிற குழுவின் நிகழ்ச்சி நிரல் கூட்டத்துக்கு முன்பே அரசின் இணையதளத்தில் வரும். அந்தக் கட்டத்திலும் பெற்றோர் எழுதலாம். அனுமதி கிடைத்த பிறகுதான் சொத்து, ஊழியர், குத்தகை வேலைகள் தொடங்கும். அதற்குப் பல மாதங்கள் பிடிக்கும். நிதி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போகும் வரை கவர்னர்கள் மனம் மாறிப் பின்வாங்கலாம். அனுமதி வந்தாயிற்று, இனி ஒன்றும் செய்ய முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஓர் அட்டவணையில் இருக்கிறது எல்லாம்

ட்ரஸ்டின் இணையதளத்தில் அதிகாரப் பகிர்வுத் திட்டம் என்ற ஆவணம் இருக்கும். இருந்தே ஆக வேண்டும். பெரும்பாலும் அது ஒரு பெரிய அட்டவணை. இடப்பக்கம் முடிவுகள் வரிசையாக இருக்கும். மேலே உறுப்பினர்கள், ட்ரஸ்டிகள் (ட்ரஸ்டை நடத்துகிற சபையினர்), சீ.ஈ.ஓ., உள்ளூர் சபை (ஒவ்வொரு பாடசாலைக்கும் ட்ரஸ்ட் வைக்கிற குழு), அதிபர் என்று நிரல்கள். ஒவ்வொரு கட்டத்திலும் யார் தீர்மானிப்பார், யாரிடம் கேட்பார்கள், யாருக்கு வெறுமனே தகவல் போகும் என்று ஒரு எழுத்துக் குறி போட்டிருப்பார்கள். பளபளப்பான அறிமுகப் புத்தகத்தை வைத்துவிட்டு இதை அச்சடித்து, பேனாவோடு உட்காருங்கள்.

"அதிபர் நியமனம்" என்ற வரிக்குப் போங்கள். சீ.ஈ.ஓ.வின் கட்டத்தில் தீர்மானிப்பவர் குறியும், உள்ளூர் சபையின் கட்டத்தில் கேட்கப்படுபவர் குறியும் இருந்தால், நேர்முகத் தேர்வில் உள்ளூர் கவர்னர் ஒருவருக்கு நாற்காலி இருக்கும், வாக்கு இருக்காது. அடுத்து "பாடசாலை வரவு செலவுத் திட்டம்". பிறகு விசேட தேவை ஊழியர் எண்ணிக்கை, அனுமதி விதிகள், மாணவர் நீக்கத்தை மீளாய்வு செய்கிற குழு, மண்டப வாடகை. கடைசியாக எல்லாவற்றையும்விட முக்கியமான ஒரு வரி, அநேகமாக அடிக்குறிப்பில் ஒளிந்திருக்கும்: இந்தத் திட்டத்தையே மாற்றுவது யார்? ட்ரஸ்டிகள், வருடா வருடம், யாரையும் கேட்காமல் என்று இருக்கக்கூடும்.

இங்கேதான் அதிகம் ஏமாற்றம் நடக்கிறது. சேருகிற வருடத்தில் உள்ளூர் சபைக்கு நிறைய அதிகாரம் எழுதிக் கொடுப்பார்கள். இரண்டு மூன்று வருடம் கழித்து ட்ரஸ்ட் பெருத்ததும் "சீரமைப்பு" என்று சொல்லித் திட்டத்தைத் திருத்துவார்கள். வாக்குக் கொடுத்தவர் பொய் சொல்லவில்லை. திருத்துகிற உரிமை ஆரம்பத்திலிருந்தே ட்ரஸ்டிகளுக்கு இருந்தது, அவ்வளவுதான். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி: கடந்த ஐந்து வருடத்தில் இந்தத் திட்டம் எத்தனை தடவை திருத்தப்பட்டது, ஒவ்வொரு தடவையும் எந்த அதிகாரம் எங்கிருந்து எங்கே போனது? பழைய பதிப்புகளைக் கேளுங்கள். தருகிற ட்ரஸ்ட் தரும். "இது உங்களுக்குத் தேவையில்லை" என்று பதில் வந்தால், சேர்ந்த பிறகு எப்படிப் பேசுவார்கள் என்பதற்கு அதுவே மாதிரி.

பெற்றோர் பிரதிநிதித்துவத்துக்கு ஒரு குறைந்தபட்சம் உண்டு. ஒன்று, ட்ரஸ்டிகள் சபையில் இரண்டு பெற்றோர் இருக்க வேண்டும். அல்லது ஒவ்வொரு பாடசாலையின் உள்ளூர் சபையிலும் இரண்டு பெற்றோர் இருக்க வேண்டும். முதலாவதைத் தெரிவு செய்கிற ட்ரஸ்டில், இருபது பாடசாலைகளுக்கும் சேர்த்து இரண்டே பெற்றோர் என்ற நிலை வரலாம். எது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பணம்

அக்கடமி ஆனால் கூடுதல் பணம் வரும் என்ற பேச்சு பழைய காலத்தது. இப்போது கவுன்சில் பாடசாலைக்கும் அக்கடமிக்கும் ஒரே உள்ளூர் சூத்திரப்படிதான் நிதி. தலைக்கு இவ்வளவு என்று ஒக்டோபர்க் கணக்கெடுப்பில் எண்ணப்படுகிற பிள்ளைகளை வைத்தே வருகிறது. லண்டனில் பிறப்பு விகிதம் குறைந்து, வாடகை தாங்காமல் குடும்பங்கள் வெளியேறி, ஆரம்பப் பாடசாலைகளில் இடங்கள் காலியாகிக்கொண்டிருக்கின்றன. உங்கள் அதிபர் ட்ரஸ்டைத் தேடுவதற்கு இதுவே காரணமாக இருந்தால், அது நியாயமான கவலைதான். ஆனால் ட்ரஸ்டால் பிள்ளைகளை உண்டாக்க முடியாது. ஒரு நிதி முகாமையாளரை மூன்று பாடசாலைக்குப் பங்கு போடலாம், கொள்முதலைச் சேர்த்துச் செய்யலாம். மிச்சம் அங்கேதான் வரும்.

இதற்கு விலையாக ட்ரஸ்ட் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். "டொப் ஸ்லைஸ்" என்பார்கள். 5 சதவீதம் சுற்றுவட்டாரத்தில் இருப்பது சாதாரணம். உதாரணத்துக்கு இரண்டு பிரிவு உள்ள 420 பிள்ளைகளின் பாடசாலைக்கு வருடம் 24 இலட்சம் பவுண்ட் வருகிறது என்று வைப்போம். 5 சதவீதம் என்றால் 120,000 பவுண்ட். இந்த எண்ணைக் கண்டு பதற வேண்டாம். சம்பளப் பட்டியல், ஊழியர் சட்ட ஆலோசனை, ஐ.டி., நிதி மென்பொருள், கணக்காய்வு என்று பாடசாலை இப்போது கவுன்சிலுக்கும் வெளியாருக்கும் எவ்வளவு கட்டுகிறது என்ற பட்டியலைப் பாடசாலை பிசினஸ் மனேஜரிடம் கேளுங்கள். ட்ரஸ்டின் பங்கில் இவற்றில் எவை அடங்குகின்றன, எவற்றுக்கு மேலதிகமாகக் கட்ட வேண்டும் என்று வரிக்கு வரி ஒப்பிட்டால்தான் இலாபமா நட்டமா என்று தெரியும். இந்த ஒப்பீட்டுத் தாளைக் கவர்னர்கள் இன்னும் தயாரிக்கவே இல்லை என்றால் வாக்கெடுப்புக்கு அவர்கள் தயாரில்லை என்று அர்த்தம்.

சில ட்ரஸ்டுகள் பங்கு எடுப்பதில்லை. எல்லாப் பாடசாலைகளின் மானியத்தையும் ஒரே குளத்தில் விட்டு, தேவைக்கேற்பப் பகிர்ந்து கொடுக்கின்றன. சட்டம் இதை அனுமதிக்கிறது. நலிந்த பாடசாலையைத் தூக்கிவிட இது உதவும். ஆனால் உங்கள் பாடசாலை சேமித்து வைத்திருக்கிற மிச்சப் பணமும் அதே குளத்துக்குப் போகும். தனக்குக் கிடைத்த பங்கு அநியாயம் என்று அதிபர் நினைத்தால் முதலில் ட்ரஸ்டிடமும், பிறகு அமைச்சிடமும் முறையிட வழி இருக்க வேண்டும் என்பது விதி. குளமா, பங்கா? குளமாக இருந்தால் பகிர்கிற சூத்திரம் எழுத்தில் இருக்கிறதா?

மாற்றத்துக்கு ஆகிற சட்டச் செலவையும் கேளுங்கள். முன்பு தாமாக மாறுகிற பாடசாலைக்கு அமைச்சு 25,000 பவுண்ட் தந்தது. 2025 ஜனவரியோடு அது நின்றுவிட்டது. வக்கீல் பில்லை இப்போது பாடசாலை கட்டுகிறதா, ட்ரஸ்ட் கட்டுகிறதா?

கூரை ஒழுகுகிற பாடசாலை என்றால் இன்னொன்று. குறைந்தது ஐந்து பாடசாலைகளும் 3,000 பிள்ளைகளும் உள்ள ட்ரஸ்டுக்குக் கட்டடப் பராமரிப்புப் பணம் வருடாவருடம் நேரே வரும். அதை எந்தப் பாடசாலையில் முதலில் செலவழிப்பது என்று ட்ரஸ்டே முடிவு செய்யும். அதற்குக் குறைந்த ட்ரஸ்ட் ஒவ்வொரு திருத்த வேலைக்கும் போட்டி போட்டு விண்ணப்பிக்க வேண்டும்.

ட்ரஸ்டின் வருடாந்தக் கணக்கறிக்கை அதன் இணையதளத்திலும், கம்பனிகள் பதிவகமான கம்பனீஸ் ஹவுஸின் தளத்திலும் இலவசமாகக் கிடைக்கும். கணக்கு வருடம் ஓகஸ்ட் 31இல் முடியும்; ஜனவரி 31க்குள் பிரசுரித்தாக வேண்டும். நூறு பக்கம் வரலாம், பயப்பட வேண்டாம். நிர்வாக அறிக்கைப் பகுதியில் ட்ரஸ்டிகள் எத்தனை கூட்டத்துக்கு வந்தார்கள் என்று ஓர் அட்டவணை இருக்கும். ஆறில் இரண்டுக்கு வருகிறவர்கள் மேற்பார்வை செய்கிறார்கள் என்று நம்புவது கடினம். பிறகு பின்பக்கக் குறிப்புகளில் மூன்றைத் தேடுங்கள். மத்திய சேவைக் கட்டணம்: ஒவ்வொரு பாடசாலையிடமும் எவ்வளவு எடுத்தார்கள், எந்த அடிப்படையில். 60,000 பவுண்டுக்கு மேல் சம்பளம் வாங்குவோர் எண்ணிக்கை, போன வருடத்தோடு ஒப்பிட்டு. தொடர்புடையவர்களுடனான கொடுக்கல் வாங்கல்: ட்ரஸ்டியின் அல்லது சீ.ஈ.ஓ.வின் உறவினர் கம்பனிக்கு வேலை போயிருந்தால் இங்கே வெளியாகும். கம்பனீஸ் ஹவுஸ் தளத்தில் இன்னொரு வசதி, பணிப்பாளர்கள், அதாவது ட்ரஸ்டிகள், எப்போது சேர்ந்தார்கள், எப்போது விலகினார்கள் என்று பார்க்கலாம். ஒரே வருடத்தில் நாலைந்து பேர் விலகியிருந்தால் ஏன் என்று கேட்கிற உரிமை உங்களுக்கு உண்டு.

ட்ரஸ்ட் தானே கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிற பாடசாலை அதன் முன்மாதிரிப் பாடசாலையாகத்தான் இருக்கும். நீங்கள் கடைசியாகச் சேர்ந்த இரண்டு பாடசாலைகளின் பெற்றோரைத் தேடிப் பேசுங்கள். எவை என்பது பாடசாலைகள் பற்றிய அரசின் தகவல் தளத்தில் சேர்ந்த தேதியோடு இருக்கும். சேர்ந்த பிறகு அதிபர் இருக்கிறாரா, ஆசிரியர்கள் எத்தனை பேர் போனார்கள், ஒரு முறைப்பாட்டுக்கு யார் பதில் எழுதினார்கள் என்று மட்டும் கேட்டால் போதும்.

ஆசிரியர்களும் அனுமதியும்

ஊழியர்கள் இப்போதைய சம்பளம், சேவைக்காலம், ஓய்வூதியத்தோடு அப்படியே மாறுவார்கள். 2006ஆம் ஆண்டின் ஊழியர் மாற்ற ஒழுங்குவிதிகள் அதைப் பாதுகாக்கின்றன. பெற்றோர் கவனிக்க வேண்டியது புதிதாகச் சேருகிறவர்களின் ஒப்பந்தம். "ட்ரஸ்டின் எந்தப் பாடசாலையிலும் வேலை செய்யக் கேட்கப்படலாம்" என்ற வரி அதில் இருந்தால், உங்கள் பாடசாலையின் நல்ல ஆறாம் வகுப்பு ஆசிரியை நடு வருடத்தில் வேறொரு பாடசாலைக்கு உதவிக்கு அனுப்பப்படலாம். அதுபோல அதிபர் பதவி முழு அதிபராகவே இருக்குமா, அல்லது இரண்டு மூன்று பாடசாலைகளைப் பார்க்கிற நிறைவேற்று அதிபரின் கீழ் ஒரு "ஹெட் ஒஃப் ஸ்கூல்" ஆகுமா?

பாடத்திட்டம், ஆசிரியர் தகைமை, சம்பள அளவு ஆகியவற்றில் அக்கடமிகளுக்கு இருந்த தனிச் சுதந்திரத்தைக் குறைக்க 2024 டிசம்பரில் ஒரு சட்டமூலம் பாராளுமன்றத்தில் வைக்கப்பட்டது. ட்ரஸ்டின் அறிமுகத்தில் "எங்களுக்குப் பாடத்திட்டச் சுதந்திரம் உண்டு" என்று பெருமையாக இருந்தால், அந்தச் சட்டத்தின் கீழ் அதில் என்ன மிஞ்சும் என்று கூட்டத்தில் கேளுங்கள்.

அனுமதியில் ஒரு மாற்றம் நிச்சயம். கவுன்சிலிடமிருந்த அனுமதி அதிகாரம் ட்ரஸ்டுக்குப் போகும். நீங்கள் விண்ணப்பிப்பது பழையபடி கவுன்சில் மூலம்தான்; ஆரம்பப் பாடசாலைக்கு ஜனவரி 15, இடைநிலைக்கு ஒக்டோபர் 31 என்ற முடிவுத் தேதிகளும் மாறாது. ஆனால் உடன்பிறப்புக்கு முன்னுரிமை, தூரத்தை எங்கிருந்து எங்கே அளப்பது போன்ற விதிகளை ட்ரஸ்ட் மாற்ற நினைக்கலாம். அதற்கு ஒக்டோபர் 1க்கும் ஜனவரி 31க்கும் இடையில் குறைந்தது ஆறு வாரம் கருத்துக் கேட்க வேண்டும். பெப்ரவரி 28க்குள் முடிவு. பிடிக்காவிட்டால் மே 15க்குள் பாடசாலைகள் தீர்ப்பாளரிடம் ஆட்சேபிக்கலாம். அடுத்து ஒரு தங்கையோ தம்பியோ ரிசெப்ஷனுக்கு (முதலாம் வகுப்புக்கு முந்தைய வகுப்புக்கு) வரவிருக்கிற பெற்றோருக்கு இந்தத் தேதிகளைச் சொல்லி வையுங்கள்.

மகனின் பிளான்

இதில் நிம்மதியாக இருக்கலாம், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அல்ல. ஈ.எச்.சி. பிளானைச் செய்தது கவுன்சில். அதில் எழுதிய உதவி கிடைக்கச் செய்கிற சட்டப் பொறுப்பு 2014ஆம் ஆண்டின் சிறுவர்கள் மற்றும் குடும்பங்கள் சட்டப்படி கவுன்சிலிடமே இருக்கும். பாடசாலை அக்கடமி ஆனாலும் அது மாறாது. வருடாந்த மீளாய்வும், கவுன்சிலின் முடிவை எதிர்த்து ட்ரைபியூனலுக்குப் போகிற உரிமையும் அப்படியே.

பிழை நடப்பது வேறு இடத்தில். பிள்ளையின் மேலதிக உதவியில் முதல் 6,000 பவுண்ட் பாடசாலையின் சொந்த நிதியிலிருந்து வர வேண்டும். அதற்கு மேலுள்ளதைத்தான் கவுன்சில் தருகிறது. ட்ரஸ்ட் ஊழியர் செலவைக் குறைக்கும்போது முதலில் கை வைப்பது உதவி ஆசிரியர்களின் மணித்தியாலங்களில்தான். விசேட தேவை ஒருங்கிணைப்பாளரான சென்கோவை இரண்டு பாடசாலைக்குப் பங்கு போடுவதும் உண்டு. மகனின் பிளானில், கிடைக்க வேண்டிய உதவியை எழுதியிருக்கிற "எஃப்" பகுதியை எடுத்துப் பாருங்கள். "உதவியை அணுக வாய்ப்பு", "தேவைப்படும்போது" என்று வழவழவென்று இருந்தால் யாரும் எதையும் மீறாமலே உதவியைக் குறைக்கலாம். "வாரம் இத்தனை மணித்தியாலம், இன்ன பயிற்சி பெற்ற ஒருவர், தனியாக அல்லது மூவர் குழுவில்" என்று எண்ணோடு இருந்தால் முடியாது. ட்ரஸ்ட் வருகிறதோ இல்லையோ, அடுத்த வருடாந்த மீளாய்வில் இதைத் திருத்தக் கேளுங்கள். முடிந்தால் மாற்றம் நடக்கிற தேதிக்கு முன் அந்த மீளாய்வை வைக்கச் சொல்லுங்கள். கூட்டத்தில் கேட்க ஒரு கேள்வி: இன்று சென்கோ வாரத்தில் எத்தனை நாள் இங்கே இருக்கிறார், சேர்ந்த பிறகு எத்தனை நாள் இருப்பார்?

கருத்தை எப்படி எழுதுவது

நூறு பேர் கையெழுத்திட்ட "வேண்டாம்" மனுவைக் கவர்னர்கள் ஒரே எதிர்ப்பாக எண்ணி அறிக்கையில் ஒரு வரியில் முடித்துவிட முடியும். இலக்கமிட்ட பத்துக் கேள்விகளை அப்படிக் கடக்க முடியாது. கேள்விகளைக் குடும்பங்களுக்குள் பிரித்துக்கொள்ளுங்கள்: ஒருவர் பணம், ஒருவர் அதிகாரப் பகிர்வு, நீங்கள் விசேட தேவை. ஒவ்வொன்றின் முடிவிலும் "பதிலை எழுத்தில், எல்லாப் பெற்றோருக்கும், வாக்கெடுப்புக்கு முன் தரவும்" என்று சேருங்கள். நிபந்தனையையும் எழுதலாம்: "உள்ளூர் சபையில் இரண்டு பெற்றோர் என்பது உறுதியானால், சென்கோ முழுநேரம் என்பது எழுத்தில் வந்தால், ஆதரிக்கிறோம்." அப்படியான வரி சபையில் தயங்கிக்கொண்டிருக்கிற கவர்னருக்குக் கையில் பிடிக்க ஒன்றைக் கொடுக்கும்.

ஆங்கிலத்தில் எழுதத் தயங்குகிற அப்பா அம்மாமார் தமிழில் சொல்வதை ஒருவர் கூட்டத்தில் மொழிபெயர்க்க ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். மாலை நேரக் கூட்டம் ஒன்றும் கேளுங்கள். பகல் பத்து மணிக் கூட்டத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள் வரமாட்டார்கள்.

கவர்னர் சபையின் அங்கீகரிக்கப்பட்ட கூட்டக் குறிப்புகளை, இரகசியப் பகுதி நீங்கலாக, யாரும் கேட்டுப் பார்க்கலாம். போன ஒரு வருடக் குறிப்புகளில் வேறு எந்த ட்ரஸ்டுகளைப் பார்த்தார்கள், ஏன் விட்டார்கள் என்று இருக்கும். ஒன்றையே பார்த்து ஒன்றையே எடுத்தார்கள் என்றால் அதுவும் ஒரு கேள்வி. மறுத்தால் தகவல் சுதந்திரச் சட்டப்படி கேளுங்கள். பதிலுக்கு 20 பாடசாலை நாட்கள் அல்லது 60 வேலை நாட்கள், எது முதலில் வருகிறதோ அது. விடுமுறை பாடசாலை நாளில் சேராது என்பதால் யூலை நடுவில் அனுப்பிய கடிதத்துக்குப் பதில் செப்டெம்பர் கடைசியில்தான் வரும். இன்றே அனுப்புங்கள்.

தமிழ் வகுப்பு மண்டபம்

இதைப் பலர் மறந்துவிட்டு மாற்றம் நடந்த பிறகுதான் ஓடித்திரிகிறார்கள். பாடசாலையின் சொத்துக்களும் ஒப்பந்தங்களும் கவுன்சிலிடமிருந்து ட்ரஸ்டுக்கு ஒரு மாற்ற ஒப்பந்தம் மூலம் போகும். அதன் பின்னிணைப்பில் நடைமுறையிலுள்ள ஒப்பந்தங்களின் பட்டியல் இருக்கும். பழைய அதிபர் வாய்மொழியாகத் தந்த மண்டபம், மாதம் மாதம் கொடுக்கிற காசு என்று இருந்தால் அந்தப் பட்டியலில் நீங்கள் இருக்க மாட்டீர்கள். புதிய வருடம் தொடங்கும்போது ட்ரஸ்டின் பொது வாடகை விகிதம் வரும்; அது இரண்டு மடங்காகவும் இருக்கலாம்.

வகுப்பை நடத்துகிற குழு இப்போதே பிசினஸ் மனேஜரிடம் போய், நாள், நேரம், அறைகள், வாடகை, எத்தனை மாத முன்னறிவித்தல் என்று எழுதிய ஒரு வருட வாடகை ஒப்பந்தம் கேட்கட்டும். கையெழுத்தானதும் அதை மாற்ற ஒப்பந்தத்தின் பட்டியலில் சேர்க்கும்படி மின்னஞ்சலில் கேட்டு, சேர்த்தாயிற்று என்ற பதிலை வைத்துக்கொள்ளட்டும். கூடவே பொதுப் பொறுப்புக் காப்புறுதிச் சான்றிதழ், சிறுவர் பாதுகாப்புக் கொள்கை, ஆசிரியர்களின் டி.பி.எஸ். (குற்றப் பின்னணி) சோதனைப் பட்டியல், பொறுப்பாளர் பெயர் ஆகியவற்றையும் கொடுங்கள். பாடசாலை மண்டபத்தை வாடகைக்கு எடுக்கிறவர்களிடம் சிறுவர் பாதுகாப்பு ஏற்பாடு சரியாக இருக்கிறதா என்று உறுதி செய்ய வேண்டும் என்பது அமைச்சின் வழிகாட்டல். ட்ரஸ்ட் முதல் வாரத்திலேயே கேட்பது அதைத்தான்.

பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் பணமும் இப்படித்தான். சங்கம் தனித் தொண்டு நிறுவனமாகப் பதிவாகியிருந்தால் அந்தக் கணக்கை யாரும் தொட முடியாது. பாடசாலையின் பெயரிலுள்ள நிதியாக இருந்தால் பாடசாலையோடு சேர்ந்து ட்ரஸ்டுக்குப் போய்விடும். எது என்று பொருளாளரிடம் கேளுங்கள். பதிவில்லாவிட்டால் யாப்பு எழுதி, தனி வங்கிக் கணக்குத் திறந்து பதிவு செய்யச் சில மாதங்கள் வேண்டும். மாற்றத்துக்கும் ஏறக்குறைய அவ்வளவு காலம்தான் இருக்கிறது.